மீட்கப்பட்ட ‘ஷிராஸ்’: வட்டில் வராத மொழிகள்

மௌனப் படக் காலத்து இந்தியக் காதல் படம் ஒன்றை முழுமையாகவும் தெளிவாகவும் பார்க்க விரும்புவோர் இன்று லண்டனை நோக்கியே கைநீட்ட வேண்டியுள்ளது. 1928-இல் வெளிவந்த ‘ஷிராஸ்: எ ரொமான்ஸ் ஆஃப் இந்தியா’ என்னும் படத்தைப் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் தேசிய ஆவணக்காப்பகம் மீட்டெடுத்து, அனுஷ்கா சங்கர் புதிதாக அமைத்த இசையோடு 2017-இல் லண்டன் திரைப்பட விழாவில் திரையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் இந்திய நகரங்கள் சிலவற்றுக்கும் அதைக் கொண்டுவந்தது. 2018-இல் புளூ-ரே, டிவிடி வட்டுகளாக அப்படம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. கீறலும் தூசியும் நீங்கிய அந்தப் பிம்பங்களின் அழகில் எவருக்கும் ஐயம் எழாது. எழ வேண்டிய ஐயம் வேறு. மீட்கப்பட்டது எது, மீட்கப்படாமல் விடப்பட்டது எது என்பதே அது. இதைத் திரைப்பட ஆய்வாளர்களின் வேலை என்று மொழியியலார் ஒதுக்கிவைத்திருப்பது சரியன்று.

படத்தின் நாடு எது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. இயக்கியவர் மியூனிக்கைச் சேர்ந்த பிரான்ஸ் ஓஸ்டன். பணமும் விநியோகமும் பிரிட்டிஷ் இன்ஸ்ட்ரக்ஷனல் பிலிம்ஸ், ஜெர்மனியின் உஃபா ஆகிய நிறுவனங்களைச் சார்ந்தவை. தயாரிப்பாளரும் கதாநாயகனும் ஹிமான்சு ராய். கதை, விபின் சந்திர பாலின் மகன் நிரஞ்சன் பாலுடையது. படப்பிடிப்பு முழுவதும் இந்தியாவில் நடந்தது, நடித்தவர்கள் இந்தியர்கள். ஆங்கிலத்தில் ‘இந்தியாவின் ஒரு ரொமான்ஸ்’ என்று பெயர் பெற்ற அதே படம் ஜெர்மனியில் ‘ஒரு பெருங்காதலின் கல்லறை’ என்னும் பொருள்படும் தலைப்போடு ஓடியது. தலைப்பு மாறும்போது படமே மாறுகிறது: ஒன்று தொலைதேசத்துக் கதையைப் பார்க்க அழைக்கிறது, மற்றொன்று இறப்பை நோக்கித் திருப்புகிறது. வட்டின் உறையில் இருப்பது முதல் தலைப்பு மட்டுமே.

சிவாஜிநகரில் இருக்கும் ஓர் ஆய்வு மாணவர் லண்டனிலிருந்து அந்த வட்டை வரவழைத்தால் முதலில் எதிர்ப்படக்கூடியது மண்டலப் பூட்டு. புளூ-ரே வட்டுகளுக்கான உலகப் பகுப்பில் பிரிட்டன் ‘பி’ மண்டலம், இந்தியா ‘சி’ மண்டலம். டிவிடிப் பகுப்பில் பிரிட்டன் 2, இந்தியா 5. பூட்டுடன் வெளியாகும் பிரிட்டிஷ் வட்டு, இந்தியக் கடையில் வாங்கிய சாதாரணக் கருவியில் ஓடாது. முழுக்க இந்தியாவில் படமாக்கப்பட்ட ஒரு காதல் கதை இந்தியக் கருவியில் மறுக்கப்படக்கூடும் என்பதைவிட நேரடியான அரசியல் பாடம் வேறு தேவையில்லை. ஆனால் இது எளிய தடை. பல மண்டலக் கருவி ஒன்று இருந்தால் தீர்ந்துவிடும். மொழித் தடை அப்படித் தீராது.

படத்தின் கதையை அறியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாலைவனத்தில் தாக்கப்பட்ட வணிகக் கூட்டத்திலிருந்து தப்பிய பெண்குழந்தை ஒன்றைக் குயவர் ஒருவர் எடுத்துத் தம் மகன் ஷிராஸோடு வளர்க்கிறார். அவள் செலிமா. அவள் அரசகுலத்தவள் என்பது அந்த வீட்டாருக்குத் தெரியாது. வளர்ந்தபின் அடிமை வணிகர்கள் அவளைக் கவர்ந்து செல்ல, அவள் இளவரசர் குர்ரமின் அரண்மனைக்கு விற்கப்படுகிறாள். ஷிராஸ் பின்தொடர்கிறான். இளவரசரை அடைய விரும்பும் டாலியாவின் சூழ்ச்சியால் யானையின் காலடியில் சாகும் தண்டனை வரை செல்கிறான். செலிமா பேரரசியாகி மறைந்தபின், பார்வை இழந்த ஷிராஸ் அவளுக்கான கல்லறையை வடிவமைக்கிறான். அதுவே தாஜ்மகால். வரலாறு அன்று இது; ஆயினும் கதைக்கு உரிய ஓர் உறுதி இதில் உண்டு.

இந்தக் கதையின் மையத்தில் ஒரு மொழிச் சிக்கல் புதைந்திருக்கிறது. வட்டில் உள்ள ஆங்கில எழுத்தட்டைகளால் அதைத் தொடவே முடியாது. ஒரே கூரையின்கீழ் உடன்பிறந்தாரைப்போல வளர்ந்த இருவரில் ஒருவர் மற்றவரைக் காதலிக்கிறார். செலிமா ஷிராஸை எப்படி அழைப்பாள்? தமிழில் டைட்டில் கார்டு எழுதப் புகுபவர் முதல் அட்டையிலேயே இதை முடிவு செய்தாக வேண்டும். ‘அண்ணா’ என்று எழுதினால் ஷிராஸின் காதல் பண்பாட்டு விலக்கு ஒன்றினுள் விழுகிறது. பார்வையாளர் அவனிடமிருந்து விலகுவார். ‘அத்தான்’ என்று எழுதினால் அது முறைக் காதலாகிவிடும். பிறகு அரண்மனையில் அவள் இளவரசரை விரும்புவது துரோகமாகத் தோன்றும். பெயர் சொல்லி அழைத்தாலும் அது நடுநிலையாக இராது. மூத்த ஆணைப் பெயர் சொல்லி அழைக்கும் பெண் தமிழ்க் காதில் ஒரு குறிப்பிட்ட வகைப் பெண்ணாகவே கேட்கப்படுவாள். திராவிட உறவுமுறைச் சொற்கள் மணக்கத்தக்க உறவையும் தகாத உறவையும் சொல்லிலேயே பிரித்துவைத்திருக்கின்றன என்பது மானிடவியல் மாணவருக்குப் பாலபாடம். ஆங்கிலத்தில் அந்த இடம் வெறுமையாக இருப்பதால், ஷிராஸின் காதலில் எவ்வளவு துணிவும் எவ்வளவு குற்றவுணர்வும் கலந்திருக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லாமலே கடந்துவிட முடிகிறது.

அடுத்தது முன்னிலைப் பெயர். ரோஜர் பிரௌனும் ஆல்பர்ட் கில்மனும் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களில் அதிகாரமும் நெருக்கமும் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை விளக்கியது. அதைப் படிக்காத மொழியியல் மாணவர் இலர். ‘ஷிராஸ்’ அந்தக் கட்டுரைக்கே எழுதிய பயிற்சிபோல அமைந்திருக்கிறது. குயவர் வீட்டில் இருவரும் ஒருவரையொருவர் ‘நீ’ என்றே அழைத்திருப்பர். அவள் பேரரசியானபின் அதே ஷிராஸ் அவள்முன் நிற்கையில் ‘தாங்கள்’ என்றுதான் வாய் திறக்க முடியும். அவள் அப்போதும் அவனை ‘நீ’ என்கிறாள் என்றால், அந்த ‘நீ’ பழைய நெருக்கத்தின் ‘நீ’யா, ஆள்பவர் ஆளப்படுவோரை அழைக்கும் ‘நீ’யா? இளவரசர் விலைகொடுத்து வாங்கிய பெண்ணை முதலில் எப்படி அழைக்கிறார், எந்தக் காட்சியில் அது மாறுகிறது? கன்னடத்தில் நீனு, நீவு, தாவு. தக்கினி உருதுவில் தூ, தும், ஆப். சிவாஜிநகரில் ஒரு தெருவின் நீளத்துக்குள் கேட்கக்கூடிய இம்மூன்று மொழிகளுக்கும் இந்த வினா உண்டு. ஆங்கிலம் பழைய ‘தௌ’வைத் தோண்டி எடுத்தாலும் அது பழமைச் சாயலைத் தருமேயன்றி இந்த ஏற்றத்தாழ்வைத் தராது. காமம் உடலில் நிகழ்வது. நம் மொழிகளில் அது முன்னிலைப் பெயரிலும் நிகழ்கிறது. தாங்களிலிருந்து நீக்கு இறங்கும் ஒரு கணம், திரையில் காட்டப்படும் எந்த முத்தத்துக்கும் இணையானது.

இப்படிப்பட்ட மொழியாக்கம் அக்காலத்தில் நிகழவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. மௌனப் படத்தின் எழுத்தட்டைகளை மாற்றிப் பல மொழிப் பிரதிகள் உருவாக்குவது எளிதாக இருந்தது. இந்தியப் படங்கள் ஒரே அட்டையில் இரண்டு மூன்று மொழிகளைத் தாங்கி ஓடின. தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சியிருக்கும் ‘மார்த்தாண்ட வர்மா’வில் ஆங்கிலமும் மலையாளமும் சேர்ந்தே வருகின்றன. (அந்தப் படம் பிழைத்த விதமும் அறியத்தக்கது. சி. வி. ராமன் பிள்ளையின் நாவலுக்கு உரிமை கொண்டாடிய கமலாலயா புத்தக நிலையம் தொடுத்த வழக்கால் படச்சுருள் கைப்பற்றப்பட்டு முடங்கியது; முடங்கியதால் தப்பியது. திரையரங்குகளில் சுதந்திரமாக ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்துபோயின.) அட்டையைப் படிக்க இயலாதோருக்காக அரங்கில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிவந்ததைத் தியடோர் பாஸ்கரன் போன்ற வரலாற்றாசிரியர்கள் பதிவுசெய்துள்ளனர். சிவாஜிநகரில் எல்ஜின் டாக்கீஸ் இருந்தது. 1896 என்னும் ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படும், தமிழ் முதலியார் குடும்பம் ஒன்றின் பெயரோடு இணைந்த, மௌனப் பட நாள்களைக் கண்ட அரங்கம் அது, இப்போது இல்லை. பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட தண்டுப் பகுதியில் தமிழும் தக்கினியும் பேசியவர்களுக்கு மௌனப் படம் ஒருபோதும் மௌனமாக இருந்ததில்லை. கதை சொல்லியின் வாயில் செலிமா யாரையோ ஏதோ ஒரு முறை சொல்லி அழைத்திருப்பாள். அந்தத் தேர்வுகள் படச்சுருளில் பதியவில்லை. படச்சுருளை மட்டுமே மூலமாகக் கொள்ளும் மீட்பு முறைக்கு அவை கண்ணில் படுவதும் இல்லை.

இனி முத்தம். ‘ஷிராஸ்’ படத்தில் முத்தம் உண்டு. அடுத்த ஆண்டு அதே குழு எடுத்த ‘எ த்ரோ ஆஃப் டைஸ்’ படத்தில் சாரு ராயும் சீதா தேவியும் தயக்கமின்றி முத்தமிடுகின்றனர். அந்தப் படத்துக்கு யானைகளும் குதிரைகளும் துணைநடிகர்களும் தந்து உதவிய அரச குடும்பங்களில் மைசூரும் ஒன்று. அதையும் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமே மீட்டு, நிதின் சாஹ்னியின் இசையோடு 2007-இல் வெளிக்கொணர்ந்தது. இக்காட்சிகளை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் வியக்கிறார்கள். வியப்புக்குக் காரணம், திரையில் முத்தம் என்பது 1990-களுக்குப் பிறகு மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருப்பதே. உண்மையில் ‘ஷிராஸ்’ வெளிவந்த அதே 1928-இல்தான், சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் அமைந்த இந்தியத் திரைப்படக் குழு தன் அறிக்கையை அளித்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த குழு அது. ஆட்சியாளர்களின் கவலை இந்தியப் பெண்ணின் முத்தத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. வெள்ளைக்காரப் பெண் திரையில் முத்தமிடுவதை இந்தியர் பார்த்தால் ஆட்சியின் மதிப்பு என்னாகும் என்பதே அவர்கள் அச்சம். இந்தக் காலனிய அச்சத்தின் எச்சம் விடுதலைக்குப்பின் ‘நமது பண்பாடு’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. கோஸ்லா குழு, கதைக்குத் தேவையெனில் முத்தத்தை அனுமதிக்கலாம் என்று 1969-இல் பரிந்துரைத்தபோது எழுந்த கூச்சல், நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய திரையை எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை என்பதைக் காட்டியது. 1970-இல் கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்தணிக்கையை ஏற்றுக்கொண்டபோதும், பாலுணர்வும் ஆபாசமும் எப்போதும் ஒன்றல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, வலுவான மறுப்பு. ஐரோப்பியச் சந்தைக்காக ஐரோப்பியர் இயக்கிய படத்தின் முத்தத்தை இந்திய மரபுக்குச் சான்றாகக் காட்டலாமா? அந்தப்புரம், அடிமைச் சந்தை, யானைத் தண்டனை என்று கீழைத்தேயக் கற்பனையின் எல்லாப் பண்டங்களும் அதில் அடுக்கப்பட்டிருக்கின்றனவே? அடுக்கப்பட்டிருப்பது உண்மை. ஆனால் செலிமாவாக நடித்த ஏனாக்ஷி ராமராவைப் பின்தொடர்ந்தால் கதை வேறு திசையில் செல்கிறது. அவர் பின்னர் மோகன் பவ்நானி இயக்கிய ‘வசந்தசேனா’ என்னும் மௌனப் படத்தில் நடித்தார். மிருச்சகடிகம் நாடகத்தின் கணிகைக் கதாநாயகியின் காதலைச் சொன்ன படம் அது. உடன் நடித்தவர்களில் ஒருவர், 1926-இல் சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்டிருந்த கமலாதேவி சட்டோபாத்யாய். மற்றொருவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து கன்னட நாடகத்தையே மாற்றியமைத்த டி. பி. கைலாசம். எந்த ஐரோப்பிய இயக்குநரும் இல்லாமல், தேசிய இயக்கத்தின் முன்னணிப் பெண் ஒருவர் பங்கேற்ற சிருங்காரப் படம் அது. கன்னடத் திரை வரலாற்றின் தொடக்கத்தில் பேசப்படும் அப்படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. லண்டன் காப்பகத்தில் இருந்ததால் ‘ஷிராஸ்’ வாழ்கிறது. இங்கே இருந்ததால் ‘வசந்தசேனா’ பெயராக மட்டும் எஞ்சியிருக்கிறது. எஞ்சிய படத்தை வைத்து வரலாறு எழுதுகையில் காதலும் காமமும் ஐரோப்பியக் கொடையாகத் தோன்றுவது இயல்பு. அத்தோற்றம் காப்பகங்களின் விளைவு.

வெட்டப்பட்ட சிருங்காரத்தை முழுமையாக மீட்டுப் பதிப்பிப்பது நமக்குப் புதிதும் அன்று. பெங்களூர் நாகரத்தினம்மாள் இதைத் திரைப்பட மீட்பு என்னும் துறை பிறப்பதற்கு முன்பே செய்தார். தஞ்சை மராட்டிய அரசவையின் முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய ‘ராதிகா சாந்த்வனமு’ முன்பு அச்சேறியபோது பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன. நாகரத்தினம்மாள் சுவடியைத் தேடிப்பெற்று ஒப்பிட்டு, நீக்கப்பட்டவற்றைச் சேர்த்து 1910-இல் முழுநூலாக வெளியிட்டார். வீரேசலிங்கம் போன்ற சீர்திருத்தவாதிகள் ஆபாசம் என்று இகழ்ந்த நூல் அது; அரசு தடைசெய்தது; விடுதலைக்குப் பின்னரே தடை நீங்கியது. இன்றைய வட்டு உறைகளில் ‘வெட்டப்படாத முழு வடிவம்’ என்று அச்சிடப்படுவதன் பொருளை அவர் நன்கறிந்திருந்தார். அதற்கும் முன்பு, 1730-இல் திருக்குறளை இலத்தீனாக்கிய வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் மட்டும் மொழிபெயர்த்துக் காமத்துப்பாலை விட்டுவிட்டார். ஐரோப்பியர் கொண்டுவந்தது காமமா, அதை வெட்டும் கத்தரிக்கோலா என்பதை இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் முடிவு செய்துகொள்ளட்டும்.

சொல்லின் வரலாறும் இதையே காட்டும். தமிழ் மொழி வரலாற்றுப் பாடத்தில் இழிபொருட்பேற்றுக்கு ‘நாற்றம்’ என்பதையே தலைமுறைதோறும் எடுத்துக்காட்டாகத் தருகிறார்கள். ‘காமம்’ என்பதைத் தருவதற்குத் தயங்குகிறார்கள். ஒரு பாலுக்குப் பெயராக இருந்த சொல், இன்று செய்தித்தாளில் ‘காமக்கொடூரன்’ என்னும் கூட்டுச்சொல்லில் முடிந்திருக்கிறது. இத்தகைய படம் ஒன்றைத் தமிழ் நூலகப் பட்டியலில் எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது என்று கேட்டால் சிற்றின்பம், பாலுணர்வு, காதல் என ஒவ்வொரு சொல்லும் ஒரு தீர்ப்பைச் சுமந்துகொண்டு வருகிறது. ‘சிறு’ என்னும் அடை ஒட்டியபின் அது வகைப்பாட்டுச் சொல்லாக எப்படி இருக்க முடியும்?

ஆகவே பல்கலைக்கழகங்களிடம் கேட்கப்பட வேண்டியது திரையிடல் விழா அன்று, பதிப்பு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் காட்டும் முறையைத் தமிழுக்கு நிலைப்படுத்தினார். அந்நூலும் மணநூல் என்று பெயர் பெற்ற காதல் காப்பியம் என்பது இங்கே நினைக்கத்தக்கது. துறவி இயற்றிய காதல் காப்பியம். ஒரு சொல்லுக்கு இரண்டு பாடங்கள் இருந்தால் இரண்டையும் தரவேண்டும் என்பது தமிழ்ப் பதிப்புலகம் ஏற்றுக்கொண்ட நெறி. திரைப்பட மீட்பு பெரும்பாலும் இதற்கு எதிரானது. கிடைத்தவற்றுள் சிறந்ததைத் தேர்ந்து, ஒரே இறுதிப் பாடத்தை அளித்து, மற்றவற்றைக் காப்பகத்தின் குளிரறையில் வைத்துவிடுகிறது. வட்டுத் தொழில்நுட்பத்தில் பல எழுத்து வரிசைகளை ஒரே பிம்பத்தின்மீது மாற்றி மாற்றிக் காட்டும் வசதி தொடக்கம் முதல் உண்டு. ‘அண்ணா’ என்னும் ஒரு வரிசை, ‘அத்தான்’ என்னும் மற்றொரு வரிசை, தக்கினியில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று எனப் பாடபேதப் பதிப்பு ஒன்றை உருவாக்கத் தேவைப்படுவது பெரும்பொருள் அன்று. மொழியியல் துறை, தமிழ்த் துறை, உருதுத் துறை, கன்னடத் துறை ஆகியவற்றின் மாணவர் சிலர் ஒரு பருவம் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். முனைவர் பட்ட ஆய்வேடுகளில் உறவுமுறைச் சொற்களைப் பட்டியலிட்டு அட்டவணையாக்கும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதுமானது. பயனும் கூடுதலாக இருக்கும்.

உரிமைச் சிக்கல் எழும் என்று தயங்குவோர் உண்டு. இந்தியச் சட்டத்தில் திரைப்படத்துக்கான பதிப்புரிமைக் காலம் வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். அனுஷ்கா சங்கரின் இசையோ புதிய படைப்பு. அதற்குத் தனி உரிமை உண்டு. எனவே அந்த இசையை நீக்கிவிட்டுத்தான் வகுப்பறையில் முயல வேண்டியிருக்கும். அது இழப்பாகத் தோன்றலாம். ஆனால் இசை நின்ற இடத்தில் குரல் ஒன்று நுழைய இடம் கிடைக்கிறது. எழுத்தட்டையைப் படிப்பதற்கு ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் தக்கினியும் தெருவில் தமிழும் வகுப்பில் கன்னடமும் ஆங்கிலமும் பேசி வளர்ந்த மாணவி ஒருவர் அந்த இடத்தில் நின்றால், செலிமா முதன்முதலாக ஷிராஸை அழைக்கும் காட்சியில் எந்தச் சொல்லைத் தேர்வார் என்பதை எந்த இலக்கண நூலைக்கொண்டும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.